இரண்டு கையும் ஒரே மாதிரி

பதினொரு நிமிடம்.
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் தட்டச் சொன்னார்,
கதவு வரை நடந்து திரும்பச் சொன்னார்,
மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார்.
பிறகு டாக்டர் ஊர்சுவா
கணினித் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்:
பார்க்கின்சன்.
மீதிச் சில்லறையைச் சொல்லும் குரல்.

புந்தா அரினாஸில் காற்று
நடப்பவர் எல்லோரையும் குனிய வைக்கும்.
வெளியே வந்தேன். எதிரே தபால்காரர்,
பள்ளிப் பிள்ளைகள், ஒரு போலீஸ்காரி,
எல்லோரும் முன்சாய்ந்து, கை வீசாமல்,
சின்னச் சின்ன அடி வைத்துப் போனார்கள்.
ஊருக்கே நோய் என்று நினைத்துச் சிரித்தேன்.
சிரிப்பு முகம் வரை வந்ததா என்று
கடைக் கண்ணாடியில் பார்த்தேன்.
வரவில்லை.

யெர்கோ என்னைவிட வேகமாக நம்பிவிட்டான்.
அந்த வாரமே குளியலறையில் கம்பி பொருத்தினான்,
கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் ஏற்றினான்,
சூப்புக்கு இரண்டு கைப்பிடிக் கிண்ணம் வாங்கி வந்தான்.
அன்புதான். தெரியும்.
ஆனாலும் அவன் சுவரில் துளை போட்டபோது
கேட்டுக்கொள்ளாமலே என் சார்பில்
யாரோ கையெழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

இரவில் நான் வழக்கறிஞர்.
கட்சிக்காரியும் நானே.
முதல் சாட்சி என் மூக்கு:
இந்த நோயில் வாசனை முன்னாலேயே போய்விடுமாம்.
எனக்கோ மூன்றாம் வீட்டில் வெங்காயம் வதங்குவது தெரிகிறது,
படகின் டீசல், ஈரக் கம்பளிச் சட்டை,
யெர்கோ ஒளித்துப் பிடிக்கும் சிகரெட்.
அடுத்து, கைகள்.
பெரும்பாலும் ஒரு பக்கம்தான் தொடங்குமாம்.
என்னுடையவை இரட்டைப் பிள்ளைகள்,
ஒன்று அழுதால் மற்றதும் அழும்.

எதிர்த்தரப்பிலும் ஆதாரம் இருக்கிறது.
பயணச்சீட்டு ஏட்டில் என் கையெழுத்து
இரண்டே வருடத்தில் எறும்பாகிவிட்டது.
தங்கை மகளின் கல்யாண வீடியோவில்
நடனத்துக்கு எழுந்து போகிறேன்,
கைகள் மட்டும் கூட வரவில்லை;
மாட்டியில் தொங்கும் கோட்டின் கைகள் அவை.
நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.
எனக்குப் பொய்ச்சாட்சி சொல்ல வராது.

வால்திவியாவில் இன்னொரு மருத்துவர்.
நான்கு மாதக் காத்திருப்பு,
புது அடுப்புக்கு வைத்திருந்த பணம்.
டாக்டர் பார்ரியென்டோஸ், என் வயதுதான் இருக்கும்,
கையைத் தொடும் முன்பே கேட்டார்:
கைப்பையில் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.
சீப்பு, சாவி, போர்வெனீர் படகின் விசில்,
மூக்குக் கண்ணாடித் துணி,
மஞ்சள் அட்டையில் பாதி தீர்ந்த மாத்திரை.
இது?
தலைசுற்றலுக்கு.
எவ்வளவு நாளாக?
ஜலசந்தியில் டிக்கெட் கிழிக்கத் தொடங்கியது முதல்.
ஏழு வருடம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
அதை மருந்து என்று நான் எண்ணியதே இல்லை.
சீருடை மாதிரி, வேலையோடு வந்தது.
ஊர்சுவா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் பேனாவை மூடினார்.
இந்த மாத்திரையாகவும் இருக்கலாம், என்றார்,
அந்த நோயாகவும் இருக்கலாம்.
ஒன்றின் சட்டையை மற்றது போட்டுக்கொண்டு வரும்.
இதை நிறுத்திப் பார்ப்போம்.
ஆறு மாதம் கழித்து உங்கள் கைகளே சொல்லட்டும்.

'இருக்கலாம்.'
அந்த ஒரு சொல்லை
வெந்நீர்ப் பை போல மடியில் வைத்துக்கொண்டு
விமானத்தில் தெற்கே திரும்பினேன்.

இன்று நூற்று ஏழாவது நாள்.
கரண்டி இன்னும் கிண்ணத்தில் தாளம் போடுகிறது.
முன்பைவிட மெல்ல, என்கிறான் யெர்கோ;
இப்போது இதையும் அவன்தான் முதலில் நம்புகிறான்.
கம்பியைக் கழற்றட்டுமா?
வேண்டாம். துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது.

நாள்காட்டிக் கட்டங்களில்
தினம் ஒருமுறை என் பெயரை எழுதுகிறேன்.
நெல்டா. நெல்டா. நெல்டா.
இன்றைய முதல் எழுத்து
கட்டத்தின் மேல்கோட்டைத் தொட்டது போல இருந்தது.
அளவுகோலை எடுத்தேன்.
திரும்ப வைத்துவிட்டேன்.